வலிமை வளர்வது எப்போது?



கணினியில் சாகச விளையாட்டு ஆடுபவர்கள் உங்கள் வகுப்பில் நிச்சயம் சிலராவது இருப்பார்கள். அவர்களிடம் 'கென்ஷி' என்ற விளையாட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ் ஹண்ட் என்பவர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது அது. 2018 டிசம்பரில் முழுமையாக வெளிவந்தது. வன்முறைக் காட்சிகள் நிறைந்தது என்பதால் சிறுவர்களுக்கு ஏற்றதல்ல. ஆனால், அந்த விளையாட்டு போடும் ஒரு கணக்கு நம் அறிவியல் பாடத்துக்கு உதவும்.

பெரும்பாலான விளையாட்டுகளில் நாயகன் தொடக்கத்திலேயே வீரனாக இருப்பான். கென்ஷியில் அப்படி இல்லை. பாலைவனத்தில் வந்து நிற்கும் நம் ஆளின் திறன்கள் 100-க்கு 1 என்ற அளவில்தான் இருக்கும். பசியால் வாடிய கொள்ளையன் ஒருவன் வந்தால்கூட அவன் தாங்கமாட்டான். ஆகவே, விவரம் தெரிந்தவர்கள் அவனை உடனே சண்டைக்கு அனுப்புவதில்லை. முதுகில் கனமான சுமையை ஏற்றி நடக்க விடுவார்கள்; உடல்வலு ஏறும். பயிற்சிப் பொம்மையை அடிக்கச் சொல்வார்கள். தாக்கும் திறன் ஏறும். ஓர் அளவுக்குமேல் பொம்மையால் பயன் இல்லை. அப்போது தன்னைவிடச் சற்று வலிய எதிரி தேவைப்படுவான். காயம் பட்டால் படுத்து ஓய்வெடுக்க வேண்டும். பசித்தால் திறன் குறையும்.

இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை? உடற்கல்வி நேரத்தில் "நான் பிறவியிலேயே ஒல்லி, என்னால் முடியாது" என்று ஓரமாக நிற்கும் மாணவனுக்கு இது வெறும் விளையாட்டுக் கேள்வி அல்ல. விடை தேட நாம் தொலைவில் போக வேண்டியதில்லை. நம் பேராக்கில் கோயில் வளாகங்களிலும் பள்ளி மண்டபங்களிலும் சிலம்பம் கற்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய நம் தாத்தா பாட்டிகளின் தோள்களை நினைத்துப் பார்க்கலாம்.

முதலில் விழிப்பது நரம்பு

சிலம்பம் கற்கப் போகும் பிள்ளைக்கு ஆசான் எடுத்த எடுப்பில் எதிராளியைக் காட்டுவதில்லை. முதலில் நிற்கக் கற்றுக்கொடுப்பார். பிறகு காலடி வைக்க. அதன் பிறகே கம்பு சுழற்ற. முதல் சில வாரங்களில் பிள்ளையின் கை பருப்பதில்லை. கையின் சுற்றளவை நூல் வைத்து அளந்தாலும் மாற்றம் தெரியாது. ஆனாலும் முன்பு கைநழுவிய கம்பு இப்போது நழுவாமல் சுழல்கிறது. தசை வளராமலே வலிமை எங்கிருந்து வந்தது?

தசை தானாகச் சுருங்குவதில்லை. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக வரும் கட்டளையை இயக்க நரம்பணு ஒன்று பெற்று, தனக்குக் கீழுள்ள தசை இழைகளுக்கு அனுப்புகிறது. ஒரு நரம்பணுவும் அது ஆளும் இழைகளும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு.

தோட்டத்துப் பெரட்டுக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் பெயர் கூப்பிடும்போது நூறு பேரில் ஐம்பது பேரே வந்து நின்றால், அன்று பாதி வேலைதான் நடக்கும். ஆள் இல்லை என்பதல்ல காரணம். வந்து சேரவில்லை என்பதே காரணம். பயிற்சி இல்லாதவரின் தசையும் அப்படித்தான். எல்லா இயக்க அலகுகளும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் வேலைக்கு வருவதில்லை. போதாக்குறைக்கு, கையை மடக்க வேண்டிய தசை சுருங்கும்போது நீட்ட வேண்டிய தசையும் பதற்றத்தில் சேர்ந்து சுருங்கி, எதிர்த் திசையில் இழுக்கும். பயிற்சி தொடரத் தொடர இந்தக் குழப்பம் நீங்குகிறது.

இதற்கு அழகான ஒரு சான்று உண்டு. 1894-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் என்பவரின் குழு ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. பயிற்சி செய்த கை வலுவடைந்தது. சும்மா இருந்த மறு கையும் ஓரளவு வலுவடைந்தது! மறு கையின் தசை எந்த வேலையும் செய்யவில்லை. ஆகவே, மாறியது கையை ஆளும் நரம்பு மண்டலம்தான். 1979-இல் மொரிதானி, டிவ்ரீஸ் என்ற இருவர் செய்த ஆய்வும், பயிற்சியின் முதல் சில வாரங்களில் கிடைக்கும் வலிமையில் பெரும்பங்கு நரம்பினால் வருவது என்றும், தசை பருப்பது அதற்குப் பின்னரே என்றும் காட்டியது.

ஆக, இரண்டு வாரம் பயிற்சி செய்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து, "ஒன்றும் மாறவில்லையே" என்று விட்டுவிடுபவன், மாற்றம் நடந்துகொண்டிருக்கும் நேரத்திலேயே விலகிவிடுகிறான்.

கம்பைச் சற்றுக் குறைத்தால்...

சிறு பிள்ளைக்கு ஏன் சிறிய கம்பு? "கனம் குறைவு" என்பீர்கள். அது பாதி விடைதான்.

ஒரு பொருளைச் சுழற்றத் தொடங்குவது எவ்வளவு கடினம் என்பது அதன் நிறையை மட்டும் சார்ந்ததல்ல. அந்த நிறை சுழலும் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் சார்ந்தது. நடுவில் பிடித்துச் சுழற்றும் சீரான கம்புக்கு இந்தச் சுழற்சித் தடை, நிறையையும் நீளத்தின் வர்க்கத்தையும் பெருக்கி 12-ஆல் வகுத்தால் கிடைக்கும். ஒரே பருமனுள்ள கம்பில் நீளம் கூடினால் நிறையும் அதே விகிதத்தில் கூடும். ஆகவே, மொத்தத்தில் சுழற்சித் தடை நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

1.2 மீட்டர் கம்பையும் 1.5 மீட்டர் கம்பையும் ஒப்பிடுவோம். நீளம் 1.25 மடங்குதான். ஆனால் 1.25 × 1.25 × 1.25 = 1.95. அதாவது, வெறும் 30 சென்டிமீட்டர் கூடினால் சுழற்றுவது ஏறக்குறைய இரண்டு மடங்கு கடினம்! பிள்ளையின் உயரத்துக்கு ஏற்பக் கம்பு கொடுப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. சுமையைப் பாதியாகக் குறைக்கும் பௌதிகம் அது.

இன்னொரு கணக்கு. 1.5 மீட்டர் கம்பை நடுவில் பிடித்து நொடிக்கு இரண்டு சுற்று சுழற்றினால், அதன் முனை எவ்வளவு வேகத்தில் போகும்? ஆரம் 0.75 மீட்டர். ஒரு சுற்றின் தூரம் 2 × 3.14 × 0.75 = 4.71 மீட்டர். இரண்டு சுற்றுக்கு 9.42 மீட்டர். அதாவது நொடிக்கு 9.42 மீட்டர், மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர். இந்த வேகத்தைத் தருவது புஜத்தின் பருமன் அல்ல. மணிக்கட்டும் காலடியும் ஒத்துழைக்கும் நேர்த்தி. மெலிந்தவனும் நல்ல சிலம்பக்காரன் ஆக முடிவது இதனால்தான்.

நோயாளியாகக் கிடந்த மருத்துவர்

'சற்றே கூடுதல்' என்ற விதியை மருத்துவத்தில் நிலைநாட்டியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்கர். இளம் வயதில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்தவர் அவர். பின்னர் எடை தூக்கிப் பழகித் தன் உடலைத் தேற்றிக்கொண்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவ மருத்துவராகச் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் பணியாற்றியபோது, காயம்பட்டுத் தசை மெலிந்த படைவீரர்கள் குவிந்து கிடந்தார்கள். அக்கால வழக்கம், மிக இலேசான பயிற்சியைப் பலமுறை செய்யச் சொல்வது. டிலோர்ம் அதை மாற்றினார். நோயாளி தாங்கக்கூடிய எடையைக் கண்டறிந்து, அவர் தேறத் தேற அதைப் படிப்படியாகக் கூட்டினார். 1945-இல் இதை மருத்துவ இதழில் வெளியிட்டார். 1948-இல் ஆர்தர் வாட்கின்ஸ் என்ற மருத்துவருடன் சேர்ந்து இதற்கு எளிய முறையையும் வகுத்தார்: சரியாகப் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று பாருங்கள், முதல் சுற்றில் அதில் பாதி, இரண்டாம் சுற்றில் முக்கால், மூன்றாம் சுற்றில் முழுவதும்.

கென்ஷியின் பயிற்சிப் பொம்மை ஓர் அளவுக்குமேல் பயன் தராததும் இந்த விதிதான். நேற்று கடினமாக இருந்தது இன்று எளிதாகிவிட்டால், உடலுக்கு மாற வேண்டிய காரணம் இல்லை. அதேபோல், தொடக்கத்தில் வேகமாக ஏறும் திறன் போகப்போக மெதுவாக ஏறுவதும் உண்மையே. புதிதாகத் தொடங்குபவனுக்கு முதல் மாதத்தில் கிடைக்கும் முன்னேற்றம், பழகியவனுக்கு ஓராண்டிலும் கிடைக்காமல் போகலாம். பலவீனமாகத் தொடங்குபவனுக்கு உள்ள ஒரே சலுகை இது. அதை வீணாக்காதீர்கள்.

காண்டா வாளி சொல்லும் உண்மை

'சுமை தூக்கினால் வலிமை வரும் என்றால், தோட்டத்தில் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர்கள் எல்லாரும் கடைசிவரை பலசாலிகளாக இருந்திருக்க வேண்டுமே?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா வட்டாரங்களில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களுக்குக் காண்டா கம்பு தெரியும். தோளில் ஒரு கம்பு, இரு முனையிலும் பால் வாளி. ஒரு வாளியில் 12 லிட்டர் பால் என்று வைத்துக்கொள்வோம். ரப்பர்ப் பாலில் பெரும்பகுதி நீர். ஆகவே இரண்டு வாளியும் சேர்ந்து ஏறக்குறைய 24 கிலோகிராம். அதைச் சுமந்து மேடு பள்ளத்தில் நடந்து பால் கொட்டகை போய்ச் சேர வேண்டும்.

பௌதிகப் பாடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சமதளத்தில் சீரான வேகத்தில் சுமந்து நடந்தால், வாளியைத் தாங்கும் விசை மேல்நோக்கி, நகர்வோ கிடைத்திசையில். எனவே, அந்த விசை வாளியின்மீது செய்யும் வேலை சுழியம்! ஆனால் தோள் அப்படிச் சொல்லாது. சுமையைத் தாங்கி நிற்கும் தசையினுள் புரத இழைகள் இடைவிடாமல் ஒன்றையொன்று பற்றுவதும் விடுவதுமாக இருக்கின்றன. ஒவ்வொரு பற்றுதலுக்கும் ஆற்றல் செலவாகிறது. வாளிக்கு வேலை சுழியம். உடலுக்குச் செலவு உண்மை.

அந்தச் சுமை தோட்டப் பாட்டாளியை உரமாக்கியது உண்மைதான். எலும்பும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மறு கை எலும்பைவிடத் தடித்திருப்பது அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் பயிற்சி வேறு, உழைப்பு வேறு. பயிற்சியில் சுமையை நம் உடல்நிலை தீர்மானிக்கிறது. உழைப்பில் சுமையை மரமும் மணியும் சம்பளமும் தீர்மானிக்கின்றன. முதுகு வலித்தாலும், உடல் சுகமில்லாவிட்டாலும், முந்தின நாள் களைப்பு தீராவிட்டாலும் அதே மரங்கள், அதே வாளிகள். தேறுவதற்கான இடைவெளி போதாதபோது, உரமாக்கிய அதே சுமை முதுகையும் மூட்டையும் தேய்க்கத் தொடங்குகிறது. முதுகைப் பிடித்துக்கொண்டு எழும் ஒரு பாட்டியின் வலியில் இந்த அறிவியல் இருக்கிறது.

எண் ஏறும் நேரம்

கென்ஷியில் அடிக்கும் அந்தக் கணத்திலேயே திறன் எண் ஏறிவிடுகிறது. விளையாட்டுக்கும் உடலுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

பயிற்சி முடிந்த மறுநிமிடத்தில் உங்கள் உடல் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். சந்தேகம் இருந்தால், தண்டால் எடுத்துக் களைத்த உடனே மீண்டும் எடுத்துப் பாருங்கள், எண்ணிக்கை குறையும். பயிற்சி தருவது வலிமை அல்ல. "இங்கே கூடுதல் வலிமை தேவை" என்ற செய்தி மட்டுமே. இழுவிசையை உணர்ந்த தசை இழை, புதிய புரதங்களைக் கட்டத் தொடங்குகிறது. இந்தக் கட்டுமானம் பயிற்சிக்குப் பிறகு ஒரு நாள் முதல் இரண்டு நாள்வரை வேகமாக நடக்கும். அதற்கு மூலப்பொருளும் நேரமும் வேண்டும்.

மூலப்பொருள் புரதம். விலையுயர்ந்த மாவு டப்பா தேவையில்லை. 14 முதல் 18 வயதுள்ளவருக்கு ஒரு கிலோகிராம் எடைக்கு நாளொன்றுக்கு 0.85 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. 50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 43 கிராம். ஒரு கோழிமுட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் தெம்பேயில் சுமார் 19 கிராம் புரதம் உண்டு. புந்தோங் கச்சான் பூத்தே பொட்டலத்தில் இருக்கும் கடலையும் பருப்பும்கூடப் புரத உணவுதான். உப்பும் எண்ணெயும் மட்டும் அளவோடு இருக்கட்டும்.

நேரம் என்பது பெரும்பாலும் தூக்கம். ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கிறது. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. நள்ளிரவு இரண்டு மணிவரை விழித்திருந்து கணினியில் நாயகனைப் பலசாலி ஆக்குபவன், அதே நேரத்தில் தன் சொந்த உடலின் வளர்ச்சி நேரத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறான்.

இடையில் ஒரு தவறான நம்பிக்கையையும் நீக்கிவிடுவோம். பயிற்சி செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும் தசை வலிக்கு லாக்டிக் அமிலம் காரணம் என்று பலர் சொல்வார்கள். அது பயிற்சிக்குப் பின் விரைவிலேயே நீங்கிவிடும். மறுநாள் வலி, பழக்கமில்லாத இழுப்பினால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்யும்போது உண்டாகும் அழற்சியுமே. மேலும், வலித்தால்தான் வளரும் என்பதும் சரியல்ல.

விளையாட்டை நம்பக்கூடாத இடங்கள்

கென்ஷியில் அடிவாங்கித் தோற்றாலும் ஓர் ஆதாயம் உண்டு. 'தாங்கும் திறன்' ஏறும். உண்மை வாழ்க்கையில் தலைக்கு இது பொருந்தவே பொருந்தாது. மூளை மென்மையான உறுப்பு. மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. தலையில் பலத்த அடி விழுந்தால் மூளை குலுங்கி நரம்பிழைகள் இழுபடும். தசையைப் போல் மூளை அடிக்கு அடி உரமாவதில்லை. முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் ஆபத்து பன்மடங்கு. பயிற்சியில் தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, குழப்பம், தலைவலி ஏற்பட்டால் அன்று ஆட்டம் அத்துடன் முடிந்தது. பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும். "அடிவாங்கினால்தான் ஆண்பிள்ளை" என்று சொல்லி யாராவது உங்களை அடித்தால், அவர் தருவது பயிற்சி அல்ல. அதையும் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ தயங்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது, அவசரம். பழக்கமில்லாத ஒருவன் பந்தயத்துக்காகவோ தண்டனைக்காகவோ ஒரே மூச்சில் சில நூறு தோப்புக்கரணம் போட்டால், தசை இழைகள் பெருமளவில் சிதைந்து அவற்றிலுள்ள மையோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலக்கக்கூடும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். கடும் தசை வலியுடன் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதே வேலையைப் பத்தில் தொடங்கிச் சில வாரங்களில் கூட்டியிருந்தால் உடல் பழகியிருக்கும்.

மூன்றாவது, விளையாட்டில் ஏறிய எண் இறங்குவதில்லை, உடலில் இறங்கும். விண்வெளியில் எடையின்மையில் வாழ்பவர்களுக்குத் தசையும் எலும்பும் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் நீண்டகாலம் தங்குவோர் நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சிக்காக ஒதுக்குகிறார்கள். 2007-இல் அங்குச் சென்ற நம் நாட்டு டாக்டர் ஷேக் முஸாபார் ஒரு எலும்பு மருத்துவர் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

செய்து பாருங்கள்

நான்கு வாரச் சோதனை இது. நெஞ்சு, மூச்சு, மூட்டுத் தொடர்பான நோய் உள்ளவர்கள் முதலில் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றித் தண்டால் எடுங்கள். ஒழுங்காக எத்தனை எடுக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேற்கையின் சுற்றளவையும் அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள்.

2. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், அந்த எண்ணிக்கையில் பத்தில் ஆறு பங்கை மூன்று சுற்று செய்யுங்கள். 20 எடுக்க முடிந்தவர் 12 வீதம் மூன்று சுற்று. சுற்றுகளுக்கு இடையே இரண்டு நிமிட ஓய்வு.

3. ஒவ்வொரு வாரமும் சுற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு கூட்டுங்கள். வார இறுதியில் அதிகபட்ச எண்ணிக்கையையும் கைச் சுற்றளவையும் மீண்டும் குறியுங்கள்.

4. இரண்டையும் வரைபடமாக வரையுங்கள்.

தற்சார்பு மாறி பயிற்சி செய்த வாரங்கள். சார்பு மாறிகள் தண்டால் எண்ணிக்கையும் கைச் சுற்றளவும். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் சுவரிலிருந்து நிற்கும் தூரம், அளக்கும் நேரம், ஓய்வு நேரம். எந்தக் கோடு முதலில் ஏறுகிறது என்று பாருங்கள். முதலில் விழிப்பது நரம்பு என்று மேலே படித்தது சரிதானா என்பதை உங்கள் வரைபடமே சொல்லட்டும்.

சிந்தனைக்கு

1. ஒரே மூங்கிலில் வெட்டிய 0.8 மீட்டர் கம்பைவிட 1.6 மீட்டர் கம்பைச் சுழற்றத் தொடங்குவது எத்தனை மடங்கு கடினம்?

2. ஒரு மாணவன் ஆறு மாதமாக நாள் தவறாமல் 20 தண்டால் எடுக்கிறான். முன்னேற்றம் இல்லை என்கிறான். அவனுக்கு நீங்கள் கூறும் இரண்டு ஆலோசனைகள் யாவை?

3. உங்கள் வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் இருந்தால், அவர் காண்டா தூக்கத் தொடங்கிய வயது, ஒரு நாளில் நடந்த தூரம், ஓய்வு கிடைத்த நாட்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். அது பயிற்சியா, உழைப்பா? காரணத்தோடு விளக்குங்கள்.

(முதல் வினாவின் விடை: 8 மடங்கு.)